போர்க் காணொளிகளை வகுப்பில் காட்டும்போது: படத்தில் நம் ஆட்கள் எங்கே?



பிப்ரவரி 15 நெருங்கினால் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முழுமைத் தற்காப்பு தினம். மண்டபத்தில் ஒரு காணொளி, வகுப்பில் இன்னொரு காணொளி, சில பள்ளிகளில் இடைவேளையில் மரவள்ளிக்கிழங்கு. 1942-ல் சிங்கப்பூர் சரணடைந்த நாள் அது. தமிழ்ப் பாடவேளையிலும் ஒன்றிரண்டு இதற்குப் போய்விடும். போகட்டும், நல்லதுதான்.

நானும் சில ஆண்டுகளாக ஒரே துண்டுக் காட்சியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். 1945 செப்டம்பர் 12, மாநகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியர் சரணடைந்த நிகழ்ச்சி. பாடாங் திடலில் கூட்டம், வரிசையாக நடந்துவரும் ஜப்பானியத் தளபதிகள், உள்ளே இட்டகாகி கையெழுத்திடுகிறார், வெளியே படிக்கட்டில் மவுண்ட்பேட்டன் பேசுகிறார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு நான்கு கேள்விகள், ஒரு பத்தி எழுத்து. பாடத்திட்டத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

ஓர் ஆண்டு உயர்நிலை மூன்றில் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். “டீச்சர், இதுல நம்ம ஆளுங்க எங்க?”

நான் திரையை நிறுத்தி, மரியாதை அணியில் நின்ற இந்தியப் படையினரைக் காட்டினேன். அவனுக்குத் திருப்தி இல்லை. “அவங்க ஜெயிச்ச பக்கம், டீச்சர். எங்க கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போனாராம், ரயில் போட. பாட்டி சொல்வாங்க. அவங்கள எங்க காட்டுவாங்க?”

அடுத்த வகுப்பில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன். அவசரத்தில் தேடியபோது கையில் கிடைத்தது 1957-ல் வந்த ஹாலிவுட் படம், ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதிலிருந்து ஐந்து நிமிடம் போட்டேன். “இது சினிமா” என்று ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். கட்டுரைகள் வந்தபோது பாதி வகுப்பு எழுதியிருந்தது: வெள்ளைக்காரக் கைதிகள் மரப்பாலம் கட்டினார்கள், ரயில் வரும்போது அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கேள்வி கேட்ட மாணவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்திலேயே இல்லாதவரைப் பற்றி அவன் என்ன எழுதுவான்?

அந்தத் தாள்களைத் திருத்திய இரவில் தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் படத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதைப் போட நேரலாம். அது எடுக்கப்பட்ட இடம் தாய்லாந்து அல்ல, இலங்கையில் களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கல. உண்மையில் காஞ்சனபுரிக்கு அருகே ஒரு மரப்பாலமும் ஓர் இரும்புப் பாலமும் கட்டப்பட்டன. 1945-ல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசின. இரும்புப் பாலம் பின்னர் சரிசெய்யப்பட்டு இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. இன்னொரு வேடிக்கை. பாலம் நிற்பது மே குளோங் ஆற்றின்மேல். படம் பார்த்த சுற்றுலாப் பயணிகள் ‘குவாய்’ ஆற்றைத் தேடி வரத் தொடங்கியதும், 1960-ல் அந்தப் பகுதி ஆற்றுக்குக் ‘குவே யாய்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு சினிமா ஓர் ஆற்றின் பெயரையே மாற்றியிருக்கிறது. நம் மாணவர்களின் கட்டுரையை மாற்றியதில் என்ன ஆச்சரியம்!

சரி, சினிமாவை விடுங்கள். அசல் செய்திப்படங்கள்?

அவற்றைக் காட்டும்போது நாம் மறந்துவிடும் ஒரு விஷயம்: கேமரா யாருடையது? 1942 பிப்ரவரி 15-ல் புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலைக்கு பெர்சிவலும் மற்ற அதிகாரிகளும் வெள்ளைக் கொடியோடும் பிரிட்டிஷ் கொடியோடும் நடந்துவரும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் படமாக்கியவர்கள் ஜப்பானியர். போர்க்காலத்தில் ஜப்பானில் செய்திப்பட நிறுவனங்களை எல்லாம் ஒன்றாக இணைத்து, ‘நிப்பொன் நியூஸ்’ என்ற ஒரே வரிசையை வாரந்தோறும் வெளியிட்டார்கள். அரசின் பார்வையைத் தாண்டி ஒரு சுருளும் அரங்குக்குப் போகாது. மூன்றரை ஆண்டு கழித்து, 1945 செப்டம்பரில், அதே ஊரில் அதே மாதிரி ஒரு சரணடைவு. இம்முறை கேமரா பிரிட்டிஷார் கையில். தலைகுனிந்து நடப்பவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த 1945 காட்சியில் கேமரா பெரும்பாலும் மாநகராட்சிக் கட்டடத்தின் படிக்கட்டைப் பார்த்து நிற்கிறது. இன்று அது தேசியக் கலைக்கூடம். அந்தக் கேமராவுக்கு முதுகுப்பக்கம் என்ன இருந்தது? பாடாங் திடல், அதைத் தாண்டி கானட் டிரைவ், அதற்கப்பால் கடலோரமாக எஸ்பிளனேட். அங்கே 1945 ஜூலை 8-ல்தான் இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். பிரிட்டிஷார் திரும்பி வந்த அதே செப்டம்பரில் மவுண்ட்பேட்டனின் உத்தரவின்பேரில் அதைத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே தேசிய மரபுடைமைக் கழகம் 1995-ல் வைத்த அடையாளப் பலகைதான் இருக்கிறது. நான் வருடக்கணக்கில் போட்ட இரண்டு நிமிடக் காட்சியில் இதெல்லாம் கிடையாது. மரியாதை அணியில் இந்தியர்கள் நிற்கிறார்கள். சற்றுத் தொலைவில் வேறு இந்தியர்களின் நினைவுச் சின்னம் கல்குவியலாகக் கிடக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து கேள்வி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து சில ஆண்டுகளே ஆன மாணவி. “டீச்சர், நாங்க இங்க வந்தே எட்டு வருஷம்தான் ஆகுது. இது எங்க வரலாறு இல்லையே?” நம் வகுப்புகளில் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் பிள்ளைகளும் அண்மையில் வந்த பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் இருந்தாலும் மனத்தில் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவளுக்குப் பதில் சொல்ல நான் பயன்படுத்தியது காணொளி அல்ல, ஃபேரர் பார்க். லிட்டில் இந்தியாவில் கடைக்குப் போகிறவர்கள் எத்தனையோ முறை அந்தத் திடலைக் கடந்திருப்போம். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம். அதனால்தான் பக்கத்துச் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர். 1942 பிப்ரவரி 17-ல், சரணடைந்த இரண்டாம் நாள், ஏறக்குறைய 45,000 இந்தியப் படைவீரர்களை அங்கே கூட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா பேசினார், அடுத்து கேப்டன் மோகன் சிங் பேசினார். இனி நீங்கள் கைதிகள் அல்ல, இந்திய விடுதலைக்காகப் போராடும் படையில் சேருங்கள் என்பது அழைப்பு. அந்த 45,000 பேரில் சிலர் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்திறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜனவரி கடைசியில் அனுப்பப்பட்ட படைப்பிரிவினர் அவர்கள். எட்டு வருஷம் இல்லை, எட்டு வாரம்கூட இல்லை. அவள் சிரித்துவிட்டாள்.

அன்று அந்தத் திடலில் நின்றவர்களுக்கு முன்னால் இருந்த தேர்வை மாணவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘சேர்ந்தவர் தேசபக்தர், சேராதவர் கோழை’ என்றோ, ‘சேராதவர் விசுவாசி, சேர்ந்தவர் துரோகி’ என்றோ ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். முதல் இந்திய தேசிய ராணுவமே 1942 டிசம்பரில் ஜப்பானியரோடு முரண்பட்டுக் கலைந்தது. மோகன் சிங்கையே ஜப்பானியர் கைதுசெய்தார்கள். சேர மறுத்த இந்தியக் கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி பக்கம் கப்பலேற்றப்பட்டு, அங்கே பலர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

அடுத்து 1943. இங்கேதான் காணொளி நம்மை அதிகம் மயக்கும். ஜூலை 2-ல் போஸ் சிங்கப்பூர் வருகிறார். ஜூலை 4-ல் கேத்தே கட்டடத்தில் இயக்கத்தின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்கிறார். 5-ல் பாடாங்கில் அணிவகுப்பு. அடுத்த நாள் ஜப்பானியப் பிரதமர் டோஜோவே வந்து பார்க்கிறார். அக்டோபர் 21-ல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிப்பு, மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறப்பு. சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. துப்பாக்கி பிடித்த பெண்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், அவர்களில் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பலர். இந்த அணிவகுப்புக் காட்சிகளைப் போட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். எனக்கே ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும், மறைப்பானேன்.

ஆனால் அதே 1943-ஐ இன்னொரு வரிசையில் வைத்துப் பாருங்கள். பாடாங்கில் கேமரா சுழன்றுகொண்டிருந்த அந்த ஜூலையில், சயாம்-பர்மா எல்லைக் காடுகளில் பருவமழை கொட்டுகிறது. முகாம்களில் காலரா. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அடிக்கிறார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் மரணம். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 200,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். போதுமான ஆள் கிடைக்காதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்குப் பிடித்துப்போவார்கள் என்ற பயத்திலேயே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. அணிவகுப்பில் நடந்த தம்பியும் காட்டில் மண் சுமந்த அண்ணனும் ஒரே லயத்திலிருந்து வந்தவர்களாக இருந்திருக்கலாம். ஒருவனைப் படம் எடுத்தார்கள், மற்றவனை எடுக்கவில்லை. ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள்.

ரயில் பாதையை ஜப்பானியர் படமே எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்த விழாவை எடுத்தார்கள். அது விழா. கைதிகள் தரப்பிலும் சான்றுகள் உண்டு: ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் ஒளித்து வைத்திருந்த கேமராவில் படம் பிடித்தார், ஜாக் சாக்கர், ரொனால்ட் சர்ல் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்து வரைந்தார்கள். நாட்குறிப்பு எழுதினார்கள். கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல். நம்மவர்களுக்குப் பேனா இல்லை, பட்டியல் இல்லை, மருத்துவர் இல்லை, கல்லும் இல்லை.

மனத்தைப் பிசையும் ஒரு தகவல். ஆள் பிடிக்க ஜப்பானியர் கையாண்ட உபாயங்களில் ஒன்று இலவச சினிமா. படம் காட்டுகிறோம் வாருங்கள் என்று அறிவிப்பார்கள். சனம் உள்ளே போனதும் கதவைப் பூட்டி, அங்கிருந்தே வண்டியேற்றி ரயிலுக்குக் கொண்டுபோவார்கள். இதை மாணவர்களுக்குச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. படம் பார்க்கப் போனவன் காணாமல் போனான். அவனைப் பற்றிய படம் நம்மிடம் இல்லை.

இன்னொரு கதை, இதைக் கேத்தே கட்டடத்துக்கு எதிரில் நின்று சொல்லலாம். ஜப்பானின் மாபெரும் இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1943-ல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். இந்திய விடுதலைப் படையைப் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. டெல்லியை நோக்கி என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. படம் முடியவில்லை. கேத்தேயில்தான் ஜப்பானிய ராணுவத்தின் பிரசாரப் பிரிவு இருந்தது. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களை ஓசு இங்கே உட்கார்ந்து நூற்றுக்கு மேல் பார்த்தார், ‘சிட்டிசன் கேன்’ உட்பட. ஜப்பான் சரணடைந்ததும், அதுவரை எடுத்த சுருளையும் எழுதிய கதையையும் எரித்துவிட்டார். அந்தச் சுருளில் யார் யார் முகம் இருந்ததோ. பின்னாளில் ‘டோக்கியோ ஸ்டோரி’ எடுத்த அதே கண் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறது, நமக்கு ஒரு சட்டகம்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு இது இன்னும் ஆற்றாமையாகவே இருக்கிறது. பிரசாரப் படம்தானே, எரிந்தால் என்ன என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். பிரசாரப் படத்திலும் ஓரத்தில் நிற்பவர்கள் உண்மையானவர்கள்தானே என்றேன். அந்த விவாதம் முடியவில்லை.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது, “இது உண்மையா எடுத்ததா, நடிச்சதா?” நல்ல கேள்வி. இதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று கைகொடுக்கும். அங்கே பள்ளிகளில் 1775-ல் தொடங்கிய விடுதலைப் போரைப் பற்றிக் காணொளி காட்டினால், அதில் வருவது எல்லாமே பின்னாளில் வேடமிட்டு நடித்தவைதான். அன்று கேமராவே கிடையாது. அதனால் ஏமாற வழி குறைவு. சிக்கல் பிறகுதான் வருகிறது. 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் புகைப்படக்காரர்கள் ஒரு வீரனின் சடலத்தை இடம் மாற்றிக் கிடத்திப் படம் எடுத்தார்கள். 1898-ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் கியூபாவுக்காக மோதியபோது, சான்டியாகோ கடற்போர் என்று அரங்குகளில் ஓடிய ஒரு படம் நியூயார்க்கில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் எடுக்கப்பட்டது. கப்பல் புகைப்படங்களைக் கத்தரித்து மிதக்கவிட்டு, வெடிமருந்துச் சிட்டிகை வைத்து, சுருட்டுப் புகையை ஊதினார்கள். எடுத்தவர்களில் ஒருவரான ஆல்பர்ட் ஸ்மித் தம் நினைவுகளில் இதைத் தாமே எழுதிவைத்தார். சனம் உண்மையென்று நம்பிக் கைதட்டியது. இதைச் சொல்லிவிட்டு, இன்று கைப்பேசியில் வரும் வண்ணம் பூசிய ‘1942 சிங்கப்பூர்’ காட்சிகளையும் செயற்கை நுண்ணறிவில் செய்த காட்சிகளையும் பற்றிப் பேச்சை எடுத்தால், பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது என் வகுப்பில் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். ஆகா ஓகோ என்று ஒன்றுமில்லை.

காணொளி தொண்ணூறு வினாடிக்கு மேல் போவதில்லை. முதல்முறை ஒலியை அடைத்துவிடுவேன். வர்ணனையும் பின்னணி இசையும் போனால் படம் வேறாகத் தெரியும். வீர இசை இல்லாத அணிவகுப்பில் வெயிலும் வியர்வையும்தான் கண்ணில் படும். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்வேன், நினைத்ததை அல்ல. இரண்டாம் முறை ஒலியோடு. ஜப்பானிய வர்ணனை யாருக்கும் புரியாது, ஆனால் குரலின் ஏற்றம் புரியும். அதன் பிறகு ஒரே கேள்வி: கேமரா எங்கே நிற்கிறது, அதன் முதுகுப்பக்கம் யார்? இந்த ஒரு கேள்விக்கே முழுப் பாடவேளையும் போய்விடுவதுண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

படத்தில் இல்லாதவர்களுக்காகக் குரல். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-லிருந்து நேர்காணல்களைப் பதிவுசெய்து வருகிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலம் அதன் தொடக்ககாலத் திட்டங்களில் ஒன்று. தமிழிலும் பதிவுகள் இருக்கின்றன. இணையத்திலேயே தேடிக் கேட்கலாம். வாழைமர நோட்டு, கூப்பன், பதுங்குகுழி என்று அவர்கள் பேசும் தமிழ் பாடநூல் தமிழ் அல்ல, நம் தாத்தா பாட்டி தமிழ். கேட்டு எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று மலேசிய நாவல்கள் உள்ளன, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மேல்வகுப்புக்கு.

கால் நடையாக ஒரு பாதையும் வைத்திருக்கிறேன். ஃபேரர் பார்க்கில் தொடங்கி, சிராங்கூன் ரோடு வழியாக வீரமாகாளியம்மன் கோயில். குண்டுவீச்சின்போது அக்கம்பக்கத்தார் தஞ்சம் புகுந்த இடம் அது. அங்கிருந்து கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், பிறகு வாட்டர்லூ ஸ்திரீட். நேரமும் தெம்பும் இருந்தால் எஸ்பிளனேட் வரை. அங்கே நின்று, கைப்பேசியில் அந்த 1945 காட்சியைப் போட்டு, கேமரா நின்ற திசைக்கு நேர் எதிராகத் திரும்பி நில்லுங்கள் என்பேன். வெயில் நேரத்தில் போகாதீர்கள். ஒருமுறை போய், பாதி வகுப்பு ஐஸ்கிரீம் வண்டிக்காரரைச் சூழ்ந்துகொண்டது.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாய்மொழித் தேர்விலும் காணொளி பார்த்துத்தான் உரையாடுகிறீர்கள். பலர் என்ன செய்கிறீர்கள் தெரியுமா? “இந்தக் காணொளியில் ஒரு சிறுவன் வருகிறான், பிறகு ஒரு பாட்டி வருகிறார்” என்று படத்தை அப்படியே ஒப்பிக்கிறீர்கள். தேர்வாளரும் அதைப் பார்த்துவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறார்! காட்சியை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். அதில் யார் பேசவில்லை, எது காட்டப்படவில்லை, உங்கள் வீட்டில் இதே நிலை வந்தால் என்ன ஆகும் என்று போனால் உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். சொல் வரவில்லை என்றால் சுற்றிவளைத்துச் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். போர்க் காணொளியில் பழகிய மாணவர்கள் உணவங்காடிக் காணொளியையும் நன்றாகவே பேசுகிறார்கள்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பள்ளி விடுமுறையில் ஜோகூரில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனவன், நான் கேட்காமலே அவரிடம் பேசிப் பதிவுசெய்து வந்தான். இரண்டு நிமிடம் பத்து வினாடி. பின்னணியில் மின்விசிறிச் சத்தம், ஒரு சேவல். “எங்கப்பா சயாமப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. மழ பிடிச்சா மட்டும் ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. ஏம்ப்பான்னு கேட்டா, ஒண்ணுமில்ல நீ படுங்கிறது.” பெரும்பகுதி இவ்வளவுதான். மீதி, பேரன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்ற விசாரணை.

வகுப்புக்காக மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றலாமா என்று கேட்டான். முதலில் பாட்டியிடம் கேள் என்றேன். கேட்டுவிட்டு வந்து சொன்னான்: “முகம் வேணாமாம், டீச்சர். கொரல் மட்டும் போதுமாம்.” அதனால் கறுப்புத் திரையை வைத்து, அந்தப் பதிவை வகுப்பில் கேட்க மட்டும் செய்தோம்.